பனி இல்லாத ஊரில் ஒரு பனிச்சறுக்குப் பிள்ளை: ஐந்து வயது முதல் இருபது வரை

போன ஆடியில் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மகன் குடும்பம் கனடாவில் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குப் பேரன் மட்டும் அப்பத்தா வீட்டுக்கு வந்திருந்தான். வயது பதினொன்று. அங்கே குளிர்காலத்தில் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்குப் பழகுகிறான். கூட்டாளிகளெல்லாம் கோடை முகாமில் இருக்கும்போது இவன் இரண்டு மாதம் பணியாரம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் பழகியதெல்லாம் போய்விடுமே என்று தகப்பனார் போனில் புலம்பியிருக்கிறார். "வாத்தியார் ஐயா, பையனுக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்கள்" என்றார் ஆச்சி.

முப்பத்திரண்டு ஆண்டுகள் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். நீளம் தாண்டுதல், கபடி, கொஞ்சம் ஜிம்னாஸ்டிக்ஸ், இவைதான் என் சரக்கு. பனியை ஒரே ஒரு முறை, காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணியாகப் போய் மிதித்திருக்கிறேன். இருந்தும் ஒப்புக்கொண்டேன். வளரும் பிள்ளையின் முட்டியும் குதிகாலும் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதானே வலிக்கின்றன. அந்தப் பையனுக்காகத் தேடிப் படித்தது, அவன் பயிற்சியாளரிடம் போனில் கேட்டது, பள்ளி மைதானத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது, மூன்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்காகவும், இங்கிருந்தே பிள்ளையைப் பனிக்கு அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்காகவும்.

முதல் படி: என்ன விளையாட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ரீஸ்டைல் என்ற ஒரு பெயருக்குள் பல விளையாட்டுகள் இருக்கின்றன. பனி மேடுகள் நிறைந்த சரிவில் முட்டியை மடக்கி மடக்கி இறங்கும் மோகல்ஸ் 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. செங்குத்தான பனி மேட்டிலிருந்து எகிறி, காற்றில் கரணம் போட்டு இறங்கும் ஏரியல்ஸ் 1994இல் வந்தது. நான்கு பேர் ஒன்றாகப் பாய்ந்து போட்டிபோடும் ஸ்கி கிராஸ் 2010இல், பாதிக் குழாய் வடிவப் பனிப் பள்ளத்தின் இரு சுவரிலும் எகிறும் ஹாஃப்பைப்பும், தடைகளும் எகிறுமேடுகளும் உள்ள சரிவில் வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைலும் 2014இல், ஒரே பெரிய எகிறுமேட்டில் வித்தை காட்டும் பிக் ஏர் 2022இல். 2026க்கு இருவர் அருகருகே இறங்கும் இரட்டை மோகல்ஸும் சேர்க்கப்பட்டது.

பெற்றோர் பார்ப்பது வீடியோவில் வரும் கரணத்தை. நடுவர் பார்ப்பது வேறு. மோகல்ஸில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் சறுக்கித் திரும்பும் விதத்துக்குப் போகிறது. காற்றில் செய்யும் வித்தைக்கு இருபது, வேகத்துக்கு இருபது. ஏரியல்ஸிலும் இறங்குவதற்கு மட்டும் முப்பது உண்டு. பிள்ளை எப்போது தலைகீழாகச் சுழல்வான் என்று கேட்கும் தகப்பனார், காலை ஊன்றி எப்படி இறங்குகிறான் என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு செய்தியை ஆச்சியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பனியே விழாத ஊர். அங்கே 2021இல் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரர்களுக்காக ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். உயரமான சறுக்குமேடையிலிருந்து ஸ்கி என்னும் சறுக்குப் பலகையோடு இறங்கி, எகிறி, கரணம் போட்டு, கீழே இருக்கும் நீச்சல்குளத்தில் விழுவார்கள். விழும் இடத்தில் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடுவதால் தண்ணீர் அவ்வளவாக அடிக்காது. அதே நாட்டின் அலிசா காம்ப்ளின் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர். பள்ளிப் பருவம் முடிந்த பிறகுதான் ஸ்கியைக் காலில் மாட்டினார். 2002இல் ஏரியல்ஸ் தங்கம் வாங்கினார். 2022இல் பதினெட்டு வயதில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய ஐலீன் கூ வளர்ந்தது சான்பிரான்சிஸ்கோவில். பனிக்கு வாரக் கடைசியில் காரில் போய் வந்தவர், பள்ளியில் ஓட்டக்காரி. அதே 2022இல் ஏரியல்ஸ் தங்கம் வாங்கிய சீனாவின் ஷூ மெங்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அது அவருக்கு நான்காவது ஒலிம்பிக்.

இவர்களை வைத்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். இந்த விளையாட்டுக்கு வேண்டிய உடம்பில் பெரும்பகுதி பனிக்கு வெளியே, மெதுவாக உருவாகிறது. கானாடுகாத்தானில் கழியும் இரண்டு மாதம் அதில் வீண் கணக்கில் சேராது.

இரண்டாம் படி: ஐந்திலிருந்து ஒன்பது வரை விளையாட விடுங்கள்

ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி என்பவர் 1990களில் ஒரு படிக்கட்டு முறையை வகுத்தார். இன்று பல நாட்டு விளையாட்டுச் சங்கங்கள் அதைத்தான் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருக்கின்றன. அதன்படி ஆறு வயதுக்கு முன் அசைவு. ஆறிலிருந்து எட்டு ஒன்பது வரை விளையாட்டோடு விளையாட்டாக ஓட்டம், தாவல், எறிதல், சமநிலை. வெற்றி தோல்விக் கணக்கு இந்த வயதில் வேண்டாம்.

இதற்கு நம் ஊரில் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாண்டி ஆடும் பிள்ளை ஒற்றைக் காலில் நின்று குனிந்து சில்லை எடுக்கிறதே, மோகல்ஸுக்குத் தேவையான கணுக்கால் வலு அதுதான். பச்சைக்குதிரை தாண்டினால் கையை ஊன்றி எழும்பி இரண்டு காலில் இறங்கப் பழகும். கிளித்தட்டில் ஆளைப் பார்த்துக்கொண்டே உடம்பைத் திருப்ப வேண்டும். சிலம்பம் தெரிந்த ஆசான் அருகில் இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள்; கை ஒரு தாளத்திலும் கால் இன்னொரு தாளத்திலும் போவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் கிடைத்தால் அதுவும் சேரட்டும். நீச்சலை மட்டும் விருப்பப் பாடமாக வைக்காதீர்கள். பிரிஸ்பேனில் இருப்பதுபோல் தண்ணீரில் விழும் நீர் மேடையில் பழகப்போகிறவனுக்கு அது உயிர்க்காப்பு.

நாங்கள் சிறுவயதில் ஊருணிப் படிக்கட்டிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதித்தவர்கள். அதைக் கேட்டு ஆசைப்பட்டு யாரும் பிள்ளையை இறக்கிவிட வேண்டாம். ஆழம் தெரியாது, அடியில் கல் இருக்கும், அது குடிக்கும் தண்ணீர் என்பது ஒருபுறம். தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தால் அப்புறம் எந்தப் பயிற்சியும் இல்லை.

பனி இருக்கும் நாட்டில் வளரும் குழந்தையாக இருந்தால், இந்த வயதில் மலை முழுவதும் சறுக்கட்டும். மெத்தென்ற பனி, இறுகிய பனி, மரங்களுக்கு நடுவே, சின்ன மேடு, எல்லாவற்றிலும். ஒரே எகிறுமேட்டில் நாள் முழுக்கக் குதிப்பது இந்த வயதுக்கு ஆகாது.

மூன்றாம் படி: ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கற்றுக்கொள்ள விடுங்கள்

புதிய அசைவு எளிதில் ஒட்டிக்கொள்ளும் காலம் இது. உடம்பு லேசாக இருக்கும், பயம் அளவோடு இருக்கும், சொன்னதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சலிக்காது. கரணம், பக்கவாட்டுச் சக்கரம், கைகளில் நிற்பது, காற்றில் உடம்பைச் சுருட்டி விரிப்பது, எல்லாவற்றையும் தெரிந்த ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர் ஒருவரின் கண்முன்னே பழக வேண்டும். காரைக்குடியில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய வித்தை எதுவானாலும் ஏறுவதற்கு வரிசை உண்டு. தரையில் மெத்தை, அடுத்து டிராம்போலின், அதன்பின் நீர் மேடை அல்லது காற்றுப் பை, கடைசியில்தான் பனி. ஒரு படியில் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அளவுக்குச் சீராக வந்த பிறகே அடுத்த படி. வெளிநாட்டுக் கழகத்தில் சேர்க்கும்போது, "தலைகீழ் வித்தைக்கு என்ன தகுதித் தேர்வு வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு கழகம் பாருங்கள்.

டிராம்போலினை வீட்டில் வாங்கிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதில் அடிபடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் பலர் குதித்தபோது அடிபட்டவர்கள். அதிலும் சின்னப் பிள்ளைதான் எகிறிப் போய் விழும். கூடத்தில் பத்துப் பேரப்பிள்ளைகள் சேரும் நம் வீடுகளில் அது வேண்டாத வேலை.

கானாடுகாத்தான் பையனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இறங்குவது. பள்ளியின் நீளம் தாண்டும் மணல் குழி, முழங்கால் உயரப் பெஞ்சு, இவ்வளவுதான் வேண்டியிருந்தது. மேலிருந்து குதித்து, சத்தம் வராமல் இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்களுக்கு நேரே இருக்க வேண்டும். பனியில் எவ்வளவோ எகிறுகிறவன், முதல் நாள் பத்துக்கு நான்குதான் சரியாக இறங்கினான். வீட்டு முற்றத்தில் பழகலாமா என்று கேட்டான். ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது, கூடவே கூடாது என்றேன். செம்மண் தரையும் வெயிலில் கல்லாக இறுகிவிடும். மணல் நல்லது, தேங்காய் நார் மெத்தையும் நல்லது.

இந்த வயதில் வேறு இரண்டு விளையாட்டாவது இருக்கட்டும். ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் செய்யும் பிள்ளைக்கு ஒரே மூட்டு ஆண்டு முழுவதும் தேய்கிறது.

நான்காம் படி: அடுப்படிக் கதவு நிலையில் பென்சில் கோடு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இங்கேதான் நான் தவறியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பையன் இருந்தான். பதின்மூன்று வயதில் அவன் வயதுப் பிள்ளைகள் எவரும் தாண்டாத தூரம் தாண்டினான். அந்த ஆண்டு மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தான். எனக்குக் கோப்பை ஆசை. முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றான். சோம்பல் என்று நினைத்து இன்னும் இருபது தாண்டு என்றேன். ஆறு மாதத்தில் முட்டிக்குக் கீழ் எலும்பு புடைத்துக்கொண்டு, படி ஏறவே சிரமப்பட்டான். ஓய்வில் சரியாகியிருக்கும். நான் ஓய்வு கொடுக்கவில்லை. அவன் விளையாட்டை விட்டுவிட்டான்.

அப்போது எனக்குத் தெரியாதது இதுதான். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் பன்னிரண்டு வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் பதினான்கு வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும் ஓர் ஆண்டு வரும். சிலருக்கு இரண்டு ஆண்டு முன்னே, சிலருக்குப் பின்னே. எலும்பு முன்னே ஓடும், தசையும் தசைநாரும் பின்னால் வரும். தசைநார் பிடித்திழுக்கும் இடத்தில், முட்டிக்குக் கீழும் குதிகாலிலும், இளம் எலும்பு புண்ணாகும். கை கால் நீண்டு உடம்பின் அளவே மாறிவிடுவதால் நேற்றுவரை சுலபமாக வந்த கரணம் இன்று தவறும். பிள்ளை திறமையை இழந்துவிட்டது என்று பெற்றோர் பதறுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

கண்டுபிடிக்க மருத்துவர் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில் எழுந்தவுடன், செருப்பில்லாமல், சுவரை ஒட்டி நிறுத்தி, தலையில் தட்டையான புத்தகத்தை வைத்துக் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் என்றால் சாதாரண வளர்ச்சி. இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால், ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வேகம். உச்சம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது செய்ய வேண்டியவை: குதிக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். புதிய வித்தை எதையும் தொடங்காதீர்கள். பழைய வித்தைகளை ஒரு படி கீழே, அதாவது டிராம்போலினுக்கும் நீர் மேடைக்கும் கொண்டுபோய்த் திரும்பப் பழக்குங்கள். உடம்பு எடையை வைத்தே உட்கார்ந்து எழுவது, பாலம்போல் இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற வலுப்பயிற்சிகளைக் கூட்டுங்கள். வலியைப் பற்றிப் பிள்ளை சொன்னால் நம்புங்கள். வளர்ச்சி வேகம் குறையும்வரை, ஆறு மாதமோ ஒரு வருடமோ, போட்டி முடிவுகளைப் பேசாதீர்கள்.

கோடு போட ஆச்சி முன்கூடத்துப் பட்டாலைத் தூணைத் தொட விடவில்லை, பர்மாத் தேக்காம். அடுப்படி நிலைக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய கோடுகள் இருந்தன. பையனின் தகப்பனாருக்கு அவர் ஐயா போட்டவை, ஆண்டு வாரியாக. உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பதினான்கு வயதுவரை சின்னச் சின்ன இடைவெளி. பதினைந்தில் ஒரே தாவல். தகப்பனார் தாமதமாக வளர்ந்தவர். மகனும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பதின்மூன்று பதினான்கில் கூடப் பழகும் பிள்ளைகள் இவனைவிட ஒரு தலை உயரமாக, வலுவாக, முன்னே போவார்கள். அது தோல்வி அல்ல, காலண்டர். இதைத் தகப்பனாரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பள்ளிக் கூடைப்பந்து அணியில் அந்த வயதில் தன்னைக் குள்ளன் என்று விட்டுவிட்டதைச் சொன்னார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. வளர்ச்சி உச்சத்துக்குப் பிறகு, குதித்து இறங்கும் விளையாட்டுகளில் முட்டியின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆகவே மேலே சொன்ன இறங்கும் பயிற்சியை அவர்கள் பன்னிரண்டு வயதிலிருந்தே விடாமல் செய்ய வேண்டும். பதினைந்து வயதாகியும் பூப்படையாவிட்டாலோ, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலோ, பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கையாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். சடங்கு சுற்றிய மாதமே மைதானத்தை விட்டு நிறுத்தப்பட்ட ஓட்டக்காரிகள் என் பதிவேட்டில் ஏழெட்டுப் பேர். வீட்டில் பேசிப் பார்த்தேன், இரண்டு பேரைத்தான் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

ஐந்தாம் படி: பதினைந்துக்குப் பிறகு தேர்வு

ஏரியல்ஸா, மோகல்ஸா, ஸ்லோப்ஸ்டைலா என்ற கேள்வி இப்போதுதான் வர வேண்டும். கரணத்தில் கை தேர்ந்தவர் ஏரியல்ஸுக்கும், சறுக்கும் நுட்பமும் பொறுமையும் உள்ளவர் மோகல்ஸுக்கும், தானே புதிதாக எதையாவது யோசிப்பவர் ஸ்லோப்ஸ்டைலுக்கும் போவதைப் பார்க்கலாம். பளு தூக்கும் பயிற்சியை முறையாகச் சொல்லித்தருபவர் இருந்தால் இப்போது கூட்டலாம். உச்ச ஆட்டம் பெரும்பாலும் இருபதுகளில்தான் வருகிறது, அவசரமில்லை.

எவ்வளவு பயிற்சி, எவ்வளவு ஓய்வு

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வாரத்தில் ஒழுங்கான பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. பதினொரு வயதுக்குப் பதினொரு மணி நேரம், அதுவே உச்சவரம்பு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும். ஆச்சி வீட்டு விடுமுறை அதற்கென்றே அமைந்த மாதிரி.

வெயிலை மறக்காதீர்கள். காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். குளிர்நாட்டிலிருந்து வந்த பிள்ளை முதல் வாரம் பாதி அளவுதான் செய்யலாம். நீர்மோரில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

தலையில் அடி பட்டால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம். இதில் பேரம் கிடையாது.

சாப்பாட்டில் நம் ஊர் எவருக்கும் சளைத்தது அல்ல. உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த கும்மாயம், பயிற்சி முடித்து வரும் பிள்ளைக்கு டப்பா மாவுகளைவிட நல்லது. முட்டை, மீன், கோழி, கீரை. ஆச்சி பயந்த பணியாரம் கூடப் பயிற்சி நாளில் தாராளமாக இருக்கலாம். ஓடியாடும் பிள்ளை பட்டினி கிடப்பதுதான் ஆபத்து.

ஆறாம் படி: கருவியில் கஞ்சத்தனமும் வேண்டாம், வளரும் பிள்ளைக் கணக்கும் வேண்டாம்

நம் வீடுகளில் சீருடை வாங்கும்போது இரண்டு அளவு பெரிதாக எடுத்து மடித்துத் தைப்போம். பனிச்சறுக்குப் பூட்ஸில் அந்தக் கணக்கு செல்லாது. குதிகால் உள்ளே எழும்பினால் ஸ்கி சொன்ன பேச்சுக் கேட்காது. ஆண்டுதோறும் வாங்க முடியாது என்றால், பருவத்துக்கு வாடகைக்கு எடுங்கள், அல்லது கழகத்தில் பழசு கைமாறும் நாளில் பாருங்கள். பூட்ஸை ஸ்கியோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டும். அது கழலும் அளவைப் பிள்ளையின் எடை, உயரம், பூட்ஸ் நீளம், திறமை இவற்றை வைத்துக் கடைத் தொழில்நுட்பர் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அமைக்க வேண்டும். பழைய ஹெல்மெட் மட்டும் வாங்காதீர்கள். முன்பு பட்ட அடி வெளியே தெரியாது.

இங்கிருந்தே போக விரும்பினால்

காரைக்குடியிலிருந்து பல்லவனில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் தில்லி வழியாக ஸ்ரீநகர், பிறகு சுமார் ஐம்பது கிலோமீட்டர் சாலையில் குல்மார்க். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல பனி. அங்கே மத்திய அரசின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கல்வி நிறுவனம் தொடக்க நிலைப் பயிற்சி நடத்துகிறது. உத்தராகண்டின் ஔலியும் ஒரு வழி. 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரான ஆரிஃப் கான் குல்மார்க் சரிவுகளில் பழகியவர். அவர் விளையாட்டு கம்புகளுக்கு நடுவே வேகமாக இறங்கும் ஆல்பைன், ஃப்ரீஸ்டைல் அல்ல.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் பயணத்தில் கரணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்கியின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி நிற்கவும், இரு பக்கமும் திரும்பவும், விழுந்தால் எழவும் தெரிந்துவிட்டால் செலவழித்த பணத்துக்கு ஈடாகிவிட்டது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் அந்தப் பையன் மணல் குழியில் பத்துக்கு ஒன்பது சத்தமில்லாமல் இறங்கினான். பத்தாவதில் வேண்டுமென்றே கைகளை விரித்து விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி பதறுவதைப் பார்க்க. அடுத்த கோடு ஐப்பசியில் போட வேண்டும். அங்கே சுவரில் போட்டு அளவை அனுப்பும்படி தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறேன். அதை அடுப்படி நிலையில் ஏற்றி வைப்பது ஆச்சியின் பொறுப்பு.